தக்காளிக்கு எத்தனை மதிப்பெண்?

ராயக்கோட்டை மண்டியில் பெட்டி பெட்டியாகத் தக்காளி லாரி ஏறுகிறது. அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கும் ஓசூர் ஹோட்டல் பாரில் ப்ளடி மேரி கேட்டால், ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வருவது பெரும்பாலும் அட்டைப்பெட்டி ஜூஸ்தான். பார்டெண்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் அவர் செய்வார். கோளாறு, நடுவர்களான நம் கையில் இருக்கும் மதிப்பெண் தாளில்.

ப்ளடி மேரிக்குப் பன்னாட்டு பார்டெண்டர் சங்கம் தரும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: வோட்கா 45 மில்லி, தக்காளிச் சாறு 90 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி. மீதியெல்லாம் துளிக்கணக்கு. கோப்பையில் ஐந்தில் மூன்று பங்கு தக்காளி. நாம் புழங்கும் தாள்களிலோ தோற்றம் உண்டு, அலங்காரம் உண்டு, காரம் உண்டு, புதுமை உண்டு. தக்காளிக்கென்று ஒரு வரி கிடையாது. பனீர் டிக்கா குச்சியைக் கோப்பையின் மேல் செருகியவர் ஐந்து மதிப்பெண் கூடுதலாக வாங்கிப் போகிறார்.

தக்காளியை விட்டு மசாலாவைப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் பாரிஸின் ஹாரிஸ் நியூயார்க் பாரிலும், 1934 முதல் நியூயார்க் செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலின் கிங் கோல் பாரிலும் நின்ற ஃபெர்னாண்ட் பெட்டியோ இந்தக் கலவையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர். வோட்காவும் தக்காளியும் மட்டுமே இருந்த பானத்தில் உப்பு, மிளகு, கெயன் மிளகாய், வூஸ்டர் சாஸ், எலுமிச்சை சேர்த்தது தானே என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்று கையில் கிடைத்தது டப்பா ஜூஸ். அதன் சப்பென்ற சுவையைத் தூக்கி நிறுத்த மசாலா தேவைப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். தக்காளி விளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த டப்பாக் காலத்து அளவுகோலால் அளப்பதுதான் வேடிக்கை.

சரி, புதுத் தக்காளியை மிக்ஸியில் அடித்து ஊற்றினால் தீர்ந்ததா என்றால், இல்லை. அப்படிச் செய்து கெட்ட பெயர் வாங்கிய பார்கள் ஏராளம். மிக்ஸி காற்றை உள்ளே இழுத்துச் சாற்றை வெளிர் ரோஜா நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். சிறிது நேரத்தில் கோப்பையின் மேல் தெளிந்த நீரும் கீழே சக்கையுமாகப் பிரியும். பழத்தை நசுக்கிய நொடியிலேயே அதிலுள்ள நொதிகள் பெக்டினை அறுக்கத் தொடங்குவதால் வரும் வினை இது. நறுக்கிய உடனே 90 டிகிரி வரை சூடேற்றினால் நொதி அடங்கும், சாறு கெட்டியாக நிற்கும்; ஆனால் பச்சை மணம் குறைந்து சமைத்த மணம் ஏறும். 65 டிகிரியோடு நிறுத்தினால் மணம் தங்கும், கெட்டி போகும். பதப்படுத்தும் ஆலைகளில் இவற்றை ஹாட் பிரேக், கோல்ட் பிரேக் என்பார்கள். பாரில் நடைமுறைக்கு ஒத்துவருவது இரண்டையும் கலப்பது: முக்கால் பங்கைச் சூடேற்றி வடிகட்டி ஆறவைத்து, பரிமாறும் முன் கால் பங்கு பச்சைச் சாற்றைச் சேர்ப்பது. விதையைச் சுற்றியுள்ள வழவழப்பைத் தூக்கிப் போட வேண்டாம். தசைப்பகுதியைவிட அதில்தான் குளூட்டமேட் அதிகம். நாக்கு தேடும் அந்த ரசச்சுவை அங்கேதான் இருக்கிறது. அப்புறம், ஷேக்கரில் போட்டுக் குலுக்கக் கூடாது. ஒரு கிளாசிலிருந்து இன்னொன்றுக்கு நான்கைந்து முறை மாற்றி ஊற்றினால் போதும்.

பழத்தின் கதை வேறு. நம் பக்கத்துத் தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் தூர லாரிக்குத் தாங்கும் தடித்த தோல் ஹைபிரிட் ரகங்கள், அதுவும் செங்காயாகப் பறிக்கப்படுபவை. நாட்டுத் தக்காளியின் புளிப்பு இவற்றில் இருக்காது. நிறமும் சதையும் இருக்கும். பாரின் பின்கட்டில் இரண்டு நாள் வெளியே வைத்துப் பழுக்கவிட்டு, மூன்றில் ஒரு பங்கு நாட்டுப் பழம் கலந்தால் நல்ல சாறு வரும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்த பழம் வெளியே எடுத்து ஒரு நாள் வைத்த பின்னும் இழந்த மணத்தை மீட்கவில்லை. சர்க்கரையும் அமிலமும் அப்படியே இருந்தன. அதனால்தான் ருசிபார்க்கிறவருக்கு என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமல், 'இன்னும் கொஞ்சம் காரம் போடலாம்' என்கிறார்.

காரத்துக்கு வருகிறேன். மிளகாய் நாக்கிலும் உதட்டிலும் எரியும், மிளகு தொண்டையில் பிடிக்கும், கடுகும் ஹார்ஸ்ரேடிஷும் மூக்கில் ஏறும். மூன்றையும் 'காரம்' என்ற ஒரே கட்டத்தில் அடைத்து மதிப்பெண் போடுவது சோம்பேறித்தனம். மிளகாயின் கேப்சைசின் சாராயத்தில் கரையும், தண்ணீரில் அநேகமாகக் கரையாது. ராமநாதபுரம் முண்டு மிளகாயை வோட்காவில் ஊறப்போட்டால் காரம் கோப்பை முழுக்கச் சீராகப் பரவுவதும், மிளகாய்த்தூளைச் சாற்றில் தூவினால் ஐஸ்கட்டியில் ஒட்டிக்கொண்டு நிற்பதும் இதனால்தான். நிறம் வேண்டுவோர் பியாடகி மிளகாய்ப் பக்கம் போகலாம், எரிச்சல் குறைவு. ஐஸ் காரத்தை அமுக்கும். ஐஸ் உருகிக் கோப்பையின் குளிர் தணியும்போது அது தலைதூக்கும். எனவே முதல் வாயில் மதிப்பெண் எழுதாதீர்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி குடித்துப் பார்த்து எழுதுங்கள். நடுவர் மேசையில் தண்ணீர் வைத்துப் பயனில்லை, மோர் வையுங்கள்.

எந்த நேரத்தில் போய் மதிப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். பலத்த இரைச்சலில் இனிப்பு மங்கி, குளூட்டமேட் சுவை ஓங்குவதாக கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு 2015இல் காட்டியது. விமானத்தில் தக்காளி ஜூஸ் ருசிப்பதன் காரணமும் அதுவாக இருக்கலாம். மாலை நாலு மணிக்குக் காலியான பாரில் நாம் குடிப்பதும், சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து வரும் சிப்காட் இன்ஜினியர் பாட்டுச் சத்தத்தில் குடிப்பதும் ஒரே பானம் அல்ல. விருந்தாளி குடிக்கும் நேரத்தில் போங்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். தமிழ்நாட்டில் டாஸ்மாக்கை ஒட்டிய பாருக்குத் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேர்க்கவும்தான் உரிமம்; காக்டெயிலை எஃப்.எல்.3 உரிமம் பெற்ற ஹோட்டல்களிலும் எஃப்.எல்.2 உரிமம் பெற்ற கிளப்புகளிலும்தான் பார்க்க முடியும். உணவகங்களில் கிடைப்பது வர்ஜின் மேரி. அதைக் குழந்தைகள் பானம்போல ஒதுக்குகிறோம். தக்காளியை மறைக்க வோட்கா இல்லாத அந்தக் கோப்பையில்தான் செய்தவரின் கை தெரியும். இரண்டையும் ஒரே தாளில் மதிப்பிடலாம்.

வூஸ்டர் சாஸைப் பற்றி ஒரு வார்த்தை: அசல் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. சைவ விருந்தாளியிடம் அதைச் சொல்லாமல் ஊற்றுகிற பாருக்கு நான் மொத்த மதிப்பெண்ணிலேயே கை வைப்பேன். அதே சாஸில் புளியும் உண்டு. நம் மாவட்டத்தில் புளிக்குப் பஞ்சமா? புளிக்கரைசல், வெல்லம், வறுத்த மிளகு கொண்டு மீனில்லாத மாற்றை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம்.

ஆகவே எங்கள் முன்மொழிவு: நூறில் 40 தக்காளிக்கு, 15க்கு மேல் போகாமல் காரத்துக்கு, அலங்காரத்துக்கு 5. 2023 ஜூலையில் கோலார் சந்தையில் 15 கிலோப் பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியதே, அப்போது என்ன செய்வது என்று மேலாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வாரங்களில் ப்யூரிக்குப் போகட்டும். அதை மெனுவில் எழுதிவிட்டுப் போகட்டும்.

எங்களுக்குள்ளேயே தீராமல் நிற்பது இனிப்பு. ரசத்தில் வெல்லம் கிள்ளிப்போடும் பெங்களூரு நாக்கும், அதில் இனிப்பைக் குற்றமாகப் பார்க்கும் சென்னை நாக்கும் ஓசூரில் ஒரே மேசையில் உட்கார்கின்றன. இனிப்புக்குத் தனி வரி வேண்டுமா, புளிப்போடு சேர்த்தே பார்க்கலாமா என்று தாள் அச்சாகும் முன் எழுதுங்கள்.