புதுப் பிள்ளைகளைக் களத்தில் இறக்குவோம்



நம் ஆலங்குளம் பக்கம் கபடிக்கும் வாலிபாலுக்கும் இருக்கிற கூட்டம் கால்பந்துக்கு இல்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் இறங்கிவிட்டால் கதையே வேறு. உலகக் கோப்பை வந்துவிட்டால் அங்கே அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் போட்டி போட்டுக் கட்அவுட் வைப்பார்கள். அந்தக் கணவாய்க் காற்று நம்மூர்க் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. கால்பந்து ஆசையையும் கொஞ்சம் கொண்டுவரட்டும் என்றுதான் இந்த மாதம் இதைப் பற்றிப் பேச வந்தேன்.

2019 நவம்பர் 19 அன்று மஸ்கட்டில் ஓமனிடம் 0-1 என்று தோற்றது இந்திய அணி. அடுத்த மூன்றாம் நாள் நம் தென்காசி மாவட்டம் பிறந்தது. அதன்பின் கொரோனா வந்து, ஓராண்டுக்கும் மேலாக இந்திய அணி எந்தச் சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை. 2021 மார்ச் 25 அன்று துபாயில் அதே ஓமனோடு ஒரு நட்பு ஆட்டம். கேப்டன் சுனில் சேத்ரி கொரோனாவால் வர முடியவில்லை. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் துணிந்து ஒரு காரியம் செய்தார். அன்று ஒரே ஆட்டத்தில் பத்துப் பேர் முதன்முறையாக இந்தியாவுக்காக ஆடினார்கள். அவர்களில் ஆறு பேர் தொடக்கத்திலேயே களமிறங்கியவர்கள்.

புதியவர்களில் ஒருவரான சிங்லன்சனா சிங்கின் மேல் பட்டு, முதல் பாதியிலேயே நம் வலைக்குள் பந்து போனது. முதல் ஆட்டத்திலேயே சுயகோல்! இளம் அணி அதில் உடைந்துபோகவில்லை. இரண்டாம் பாதியில் மன்வீர் சிங் தலையால் முட்டிச் சமன் செய்தார். 1-1. நாடே பாராட்டியது.

நான்கே நாள் கழித்து ஐக்கிய அரபு அமீரகத்தோடு அடுத்த ஆட்டம். பெரும்பாலோரை மாற்றி இன்னும் பலருக்கு வாய்ப்புக் கொடுத்தார் ஸ்டிமாச். 0-6 என்று தோற்றோம். பாராட்டிய வாய்களே திட்டித் தீர்த்தன.

தக்காளி நாற்றைப் பிடுங்கி நட்டவர்களுக்குத் தெரியும், முதல் சில நாள் அது துவண்டுதான் கிடக்கும். அதற்காக யாரும் நட்டதைப் பிடுங்கி எறிவதில்லை. நட்பு ஆட்டம் என்பது அந்தச் சில நாளுக்காகவே உள்ளது. புள்ளியும் கோப்பையும் பணயத்தில் இல்லாத இடத்தில்தான் புதியவர்கள் தைரியமாகத் தவறு செய்து கற்க முடியும்.

அந்தப் பத்துப் பேரில் பலர் பிறகு நிலைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மாலேயில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தில் நேபாளத்தை 3-0 என்று வென்றபோது ஒரு கோல் சுரேஷ் வாங்ஜமுடையது. 2022 ஜூனில் கொல்கத்தாவில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹாங்காங்கை 4-0 என்று வென்றபோது இஷான் பண்டிதாவும் கோல் அடித்தார். ஆகாஷ் மிஸ்ரா, ஜீக்சன் சிங், அபுயா ஆகியோரும் தொடர்ந்து இந்தியச் சட்டை அணிந்தார்கள்.

இவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. ஜீக்சனும் சுரேஷும் 2017-ல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடியவர்கள். கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் அடித்ததுதான் ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியாவின் முதல் கோல். அந்தப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிடாமல், கால்பந்துச் சம்மேளனம் 'இந்தியன் ஏரோஸ்' என்ற அணியாக ஐ-லீக் என்ற தேசியத் தொடரில் ஆடவைத்தது. வெளிநாட்டு வீரர் ஒருவர்கூட இல்லாத, முழுக்க இளைஞர்களால் ஆன அணி. தன்னைவிட வயதிலும் உடல்பலத்திலும் பெரிய ஆட்களோடு மோதி, அட்டவணையில் பெரும்பாலும் அடிவரிசையில்தான் கிடந்தது. ஆனால் அங்கே கிடைத்த முழு ஆட்டங்கள்தான் ஜீக்சன், சுரேஷ், அபுயா, ஆகாஷ் ஆகிய நால்வரையும் தேசிய அணிக்குத் தயார் செய்தன. 2022-ல் அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள். அது பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. நடுக்களத்துக்கும் தடுப்புக்கும் இளைஞர்கள் வந்தார்கள். கோல் அடிக்க மட்டும் சேத்ரியையே நம்பியிருந்தோம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அணிகள் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த நிலையில், முன்கள இடம் பெரும்பாலும் அவர்களுக்கே போனது. 2024 ஜூனில் சேத்ரி ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு முழுவதும் இந்தியா ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. நாற்பது வயதில் அவரையே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2025 அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதும் 2027 ஆசியக் கோப்பைக் கனவும் கலைந்தது.

ஆனாலும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. அடுத்த மாதமே, நவம்பர் 30 அன்று, அகமதாபாத்தில் நம் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஈரானிடம் ஒரு கோல் பின்தங்கி, பிறகு 2-1 என்று வென்று தங்கள் வயதுக்கான ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இவர்களுக்கு அடுத்த நான்கு ஆண்டு முழு ஆட்டங்கள் கிடைக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் பக்கத்துப் பிள்ளைகளால் முடியுமா என்று கேட்காதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை என்ற மீனவ ஊரிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் 2019-ல் இந்தியாவுக்காக ஆடினார். கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் காவல்துறை உதவி ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே இந்திய மகளிர் அணியில் ஆடினார்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஆசிரியப் பெருமக்களே, பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாட்டு மன்றம் நடத்தும் தம்பிகளே, டோர்னமெண்டுக்குப் போகும்போது சின்னப் பையன்களைத் தண்ணீர் பாட்டில் தூக்க மட்டும் அழைத்துப் போகாதீர்கள். நட்பு ஆட்டங்களில் அவர்களை முதல் நிமிடத்திலிருந்தே இறக்குங்கள், தோற்றாலும் அடுத்த ஆட்டத்திலும் இறக்குங்கள். பெற்றோர்களே, பீடி சுற்றியும் காட்டு வேலை பார்த்தும் படிக்கவைக்கிற உங்கள் கவலை எனக்குத் தெரியும். இருந்தாலும் மகனையும் மகளையும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்