கருவுற்றவளின் சோர்வு ஈமானின் குறைவா?



கவனக் குறைபாட்டிற்காக மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மாத்திரைகளை உட்கொண்டு வந்த ஒரு பெண், கருவுற்றதை அறிந்த அன்றே வீட்டாரின் சொல்லைக் கேட்டு அவற்றை நிறுத்திவிடுகிறாள். சில நாட்களில் தீராத அசதி, மிகுந்த உறக்கம், காரணம் புரியாத அழுகை. உடனே வீட்டார் தீர்ப்பளித்துவிடுகின்றனர்: "இவளுக்கு ஈமான் பலவீனம்." பிறகு ஓதிய தண்ணீர் கேட்டு எம்மைப் போன்றோரிடம் வருகின்றனர்.

இத்தீர்ப்பை வழங்கும் அதிகாரத்தை இவர்களுக்கு யார் தந்தார்?

சூரா மர்யமின் 23ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே தாம் இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அவர்களைவிட ஈமானில் உயர்ந்தவளா உங்கள் மருமகள்? அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. அடுத்த வசனங்களில் கவலைப்படாதீர் என்ற ஆறுதலும், நீரோடையும், பேரீச்சம் பழமும் வந்தன. மரத்தை உலுக்கும்படியும் கட்டளை வந்தது. அருளோடு முயற்சியும் இணைந்ததே நம் மார்க்கம்.

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. மருத்துவத்திற்குப் பதிலாக அதை நிறுத்துவதையே மறுக்கிறோம். எந்த நோய்க்கும் நிவாரணத்தை அல்லாஹ் இறக்கியுள்ளான் எனக் கற்பித்த நபி (ஸல்) அவர்கள், சிகிச்சை செய்துகொள்ளவும் ஏவினார்கள்.

ஊக்க மருந்தைத் திடீரென விட்டால் அசதியும் மனத்தளர்ச்சியும் தோன்றக்கூடும். அது உடலின் இயல்பு, பாவத்தின் அடையாளமன்று. கர்ப்பத்தில் அம்மருந்தைத் தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். தானாக நிறுத்துவதும் தவறு. தாங்க இயலாமல் தானாக மீண்டும் தொடங்குவதும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 விழுக்காட்டினர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர். இவர்கள் அனைவருமா ஈமான் அற்றவர்கள்?

திருத்தணிச் சகோதரர்களே! அரசு மருத்துவமனைக்குக் கர்ப்பப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது இரத்த அளவோடு மனநிலையையும் மருத்துவரிடம் கூறச் செய்யுங்கள். நிறுத்திய மாத்திரையின் அட்டையையும் காட்டுங்கள். மேல்சிகிச்சைக்குச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இரயில் தூரத்தில்தான் உள்ளது. டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். சாக வேண்டும் என்று அவள் கூறினால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அவள் வயிற்றில் இருப்பது உங்கள் வம்சம். அவள் அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைப் பற்றி நாளை மறுமையில் விசாரணை உண்டு. அப்போது "ஈமான் பலவீனம் என்று நினைத்தோம்" என்பது பதிலாகாது.