மெட்டில்லாத பாட்டு

சென்ற வாரம் கோவில்பட்டியிலிருந்து நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். "ஐயா, தாங்கள் இந்தப் பகுதியில் காவடிச்சிந்தைப் பற்றி எழுதினீர்கள். வில்லுப்பாட்டைப் பற்றி எழுதினீர்கள். விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனையைப் பற்றி மூன்று வாரம் விடாமல் எழுதினீர்கள். எல்லாம் சரிதான். என் வீட்டில் காலேஜில் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். காதில் இரண்டு குமிழ்களைச் செருகிக்கொண்டு, கடன் கொடுத்தவன் வாசலில் நின்று கத்துவது போன்ற ஒரு பாட்டைக் கேட்டுத் தலையை ஆட்டுகிறான். அது சங்கீதமா, சண்டையா? அதில் நல்லது ஏதேனும் இருந்தால் பெயர் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இல்லையென்றாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தாரானால், "சண்டை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருகிற காரணம் அல்ல. ஆகையால் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

ராகங்களுக்கும் கீர்த்தனங்களுக்கும் பிறந்த நாள் தெரியாது. இந்தப் பாட்டுக்கோ பிறந்த நாள்கூட இருக்கிறது. 1973-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி, நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், அடுக்கு மாடிக் கட்டடம் ஒன்றில், ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகப் புதுத்துணி வாங்குவதற்காகக் காசு வசூலித்து ஒரு விருந்து நடத்தினாள். அவளுடைய தமையனும் ஜமெய்க்காத் தீவில் பிறந்தவருமான கூல் ஹெர்க் என்பவர் இரண்டு கிராமபோன் தட்டுகளை வைத்துக்கொண்டு, பாட்டு நின்று தாளம் மாத்திரம் ஒலிக்கும் இடத்தை மாற்றி மாற்றி வைத்து நீட்டிக்கொண்டே போனாராம். ஜனங்கள் அந்த இடத்தில்தான் உற்சாகமாக ஆடினார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். தாளம் நீண்டவுடன் அதன்மேல் பேசுவதற்கு இடம் கிடைத்தது. அந்தப் பேச்சு வளர்ந்து 'ராப்' ஆயிற்று. பேச்சு, தாளம், ஆட்டம், சுவரில் எழுதும் சித்திரம் எல்லாம் சேர்ந்த குடும்பத்துக்கு 'ஹிப்-ஹாப்' என்று பெயர்.

"அமெரிக்கச் சரக்கா!" என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எங்கள் கரிசல் காட்டில் களை எடுக்கும்போது ஒரு வரிசைக்காரி பாட, எதிர் வரிசைக்காரி அவளை மடக்கிப் பாடும் எசப்பாட்டு என்ன? காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய வாதாடும் லாவணி என்ன? வசை பாடுவதில் காளமேகப் புலவரை வெல்ல அமெரிக்காவிலிருந்து யார் வரப் போகிறார்கள்? வில்லுப்பாட்டுக்காரர் கதையைப் பாதி பாடிப் பாதி பேசிக் கொண்டு போகும்போது பக்கத்திலிருப்பவர் "ஆமா" போடுகிறாரே, அந்த "ஆமா"வை எடுத்துவிட்டால் ராப் பாட்டில் பாதி போய்விடும். எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் பாஞ்சாலி சபதத்தை நொண்டிச் சிந்தில் எழுதத் துணிந்தவர் அல்லவா? தெருவிலே கிடக்கும் தாளத்தை எடுத்துக்கொள்வதில் தமிழ்க் கவிக்கு வெட்கம் கிடையாது.

நிற்க. மேலே ஒரு காரணம் சொல்லுவதாக ஒப்புக்கொண்டேன்.

பதினோராம் வகுப்பில் யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம், எதுகை. கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் மேஜைக்கடியில் நோட்டை வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். ராப் பாட்டு. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு வரிகளைக் கோணல் குரலில் வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன். வகுப்பு சிரித்தது. "ஸார், குடுத்துருங்க ஸார்" என்று அவன் இரண்டு தடவை கேட்டான். நான் கொடுக்கவில்லை. அரைப் பரீட்சை லீவுக்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தகப்பன் இல்லாத வீடு, தாய்க்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவன் போனதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகைத் தற்பெருமையே. வீட்டு நிலைமை அவனை எப்படியும் அனுப்பியிருக்கும். ஆனாலும் அவன் கடைசியாகப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனது என்னுடைய கோணல் குரலைத்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ராத்திரி அந்த நோட்டை எடுத்து ஒழுங்காக வாசித்தேன். முதல் பக்கத்திலேயே அடுத்தடுத்த மூன்று அடிகள் 'கரிசல்' என்றும், 'அரிசி' என்றும், 'வரிசை' என்றும் தொடங்கியிருந்தன. மழை தப்பிய கரிசல், ரேஷன் அரிசி, அதை வாங்க அம்மா நிற்கும் வரிசை. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அவன் எதுகை வைத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். அடிகளின் முடிவில் 'காயுது', 'தேயுது', 'ஓயுது' என்று இயைபு வேறு. இங்கிலீஷ் ராப்பில் பெரும்பாலும் கடைசியில்தான் ஓசை ஒன்றும். நம் பாஷையிலோ அடியின் தலையிலும் ஒன்றும், வாலிலும் ஒன்றும். நடுவில் மோனையும் வந்து சேரும். மூன்றும் ஒரு தாளத்தில் விழுந்தால் காதுக்குக் கிடைப்பது சாமான்ய விருந்தா?

அன்றிலிருந்துதான் இந்தப் பாட்டுகளைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் முதலில் ஆட்சேபம் எழுந்தது. பிறகு என் மகள் எனக்கு உபாத்தியாயினி ஆனாள். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: பின்னால் அடிக்கும் தாளத்தை நிறுத்திவிட்டு வார்த்தைகளை மட்டும் வாசித்தால், சொல்லுகிறவர் தம் வாழ்க்கையைச் சொல்லுகிறாரா, அல்லது பிறர் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாரா?

கோவில்பட்டி நேயர் பெயர் கேட்டார். முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது மலேயாக்காரர்களின் 'வல்லவன்'. யோகி பி என்பவர் அதற்கு முன்பே 'பொயடிக் அம்மோ' என்ற கோஷ்டியில் பாடிப் பெயர் வாங்கியவர். 2006-ல் 'நட்சத்திரா'வோடு சேர்ந்து இந்தத் தொகுதியை வெளியிட்டார். 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்து 'மடை திறந்து' பாட்டை எடுத்து அவர்கள் புது உருவம் கொடுத்ததைத்தான் முதலில் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் தமிழிலேயே ஒரு முழுத் தொகுதியை ராப்பாகச் செய்ய முடியும் என்று காட்டியதே அவர்களுடைய பெரிய காரியம். ரப்பர்த் தோட்டத்துக்குப் போன தமிழ் அங்கே இப்படியும் காய்த்திருக்கிறது. கோயம்புத்தூர் 'ஹிப்ஹாப் தமிழா' கோஷ்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுதியோடு வந்தார்கள், சினிமா அழைத்தது, போனார்கள்.

'அண்டர்கிரவுண்ட்' என்று பையன்கள் ஒரு வார்த்தை சொல்லுகிறார்கள். நான் முதலில் கேட்டபோது, 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் போலீஸுக்குத் தெரியாமல் நடத்திய காங்கிரஸ் ரேடியோதான் ஞாபகத்துக்கு வந்தது. இவர்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. சினிமாவும் பெரிய முதலாளியும் இல்லாமல், சொந்தக் காசிலும் சிநேகிதர்கள் காசிலும் பதிவு செய்து வெளியிடுவதையே அப்படிச் சொல்லுகிறார்கள். கரிசல் பூமியில் தண்ணீரும் அண்டர்கிரவுண்டில்தான் இருக்கிறது. ஆழத் தோண்டுகிறவனுக்குத்தான் கிடைக்கிறது.

அப்படித் தோண்டியதில் கிடைத்தது 'தெருக்குறள்'. அரக்கோணத்துக்காரரான அறிவு எழுதிப் பாட, ஆஃப்ரோ என்பவர் இசை சேர்க்க, 2019-ல் வந்தது. 'திரு'வில் ஒரே ஒரு மாற்றம் செய்து தெருவுக்குக் கொண்டுவந்த அந்தப் பெயருக்கே ஒரு சபாஷ் போடலாம். இந்த அறிவு, 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கோஷ்டியில் பாடியவர். டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசைக்காரர் தென்மாவும் சேர்த்த 19 பேர் கொண்ட கோஷ்டி அது. 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் கானா, பறை, ராப் எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றியது. சாதி பேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாஸப் பண்டிதரின் கருத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அவர்கள் பாட்டைக் கேட்டு நேயர்களில் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கும் சில இடங்களில் மனத்தில் தைத்தது. தைக்காத பாட்டை மட்டுமே கேட்பது என்றால் தாலாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

'எஞ்சாய் எஞ்சாமி'யைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். 2021 மார்ச் 7-ந் தேதி வந்தது. அறிவும் தீயும் பாடியது. ஸந்தோஷ் நாராயணன் இசை. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டுத் தாயகம் திரும்பியவர். 1964-ம் வருஷத்து சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தது. எங்கள் பக்கத்திலிருந்தும் தூத்துக்குடியில் கப்பலேறிப் போனவர்கள் உண்டு. ஒப்பாரியும் விளையாட்டுமாக வரும் அந்தப் பாட்டை எங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் வைத்தபோது, ஒரு கிழவி தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டதை நான் பார்த்தேன்.

அந்தப் பாட்டுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2021-ல் ஒரு பத்திரிகையின் அட்டையில் அந்தப் பாட்டின் பெயரால் படங்கள் வந்தபோது அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28-ந் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது; அறிவு மேடையில் இல்லை. பிறகு, பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பகிரங்கமான வாக்குவாதம் நடந்தது. 2024 மார்ச்சில் ஸந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டினால் தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்றார். கோடிக்கணக்கானவர் கேட்ட பாட்டின் கதி இது! வாக்குவாதத்துக்குள் புக எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் களத்துமேட்டில் பாடிய எத்தனையோ பேருடைய பாட்டு நம்மிடம் இருக்கிறது, பெயர் இல்லை. இந்தக் காலத்திலாவது பெயர் பாட்டோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டாமா?

ஆகவே அதே அறிவு 2024-ல் வெளியிட்ட 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தொகுதியை இந்த வாரம் முக்கியமாகச் சிபாரிசு செய்கிறேன். பேரன் தன் விலாசத்தைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார். இனி யாரும் அழிக்க முடியாது. ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு இரண்டாக, குழந்தைகளையும் உட்காரவைத்துக்கொண்டு, வார்த்தைகளைத் தொடர்ந்து கேளுங்கள்.

இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, யுத்தத்தினால் சிறு பிராயத்திலேயே நாட்டைவிட்டுப் போய்க் கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால் 2021-ல் 'மேட் இன் ஜாஃப்னா' வெளியிட்டார். அவர் யஞ்சன் என்பவரின் மிருதங்கத்துக்கு ஈடுகொடுத்துப் பாடும் பதிவுகளைச் சங்கீத ரஸிகர்கள் அவசியம் கேட்க வேண்டும். கொன்னக்கோல் வித்வான்கள் கேட்டால் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால் தாளம் போடுவார்கள். மற்றொன்று, ஸோஃபியா அஷ்ரஃப் 2015-ல் பாடிய 'கொடைக்கானல் வோண்ட்'. அங்கே 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசத்தைப் பற்றியது. 2016 மார்ச்சில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி 591 பழைய தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பாட்டினால் மட்டுமே நடந்தது என்று சொல்ல மாட்டேன். தொழிலாளர்கள் பல வருஷம் போராடினார்கள். ஆனால் அவர்கள் பெயரை உலகம் கேட்கும்படி செய்ததில் பாட்டுக்குப் பங்கு உண்டு.

சிபாரிசு செய்யாதவையும் நிறைய உண்டு. என்னிடம் கார் இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, என்னைப் பார்த்துப் பெண்கள் மயங்குகிறார்கள் என்று மூன்று நிமிஷம் முழக்குகிறவர்களின் பாட்டுகளைத் தாராளமாக விட்டுவிடலாம். தாளத்தை நிறுத்தினால் மிச்சம் ஒன்றும் இராது. நல்ல பாட்டுகளிலும் கெட்ட வார்த்தை வருவதுண்டு. குழந்தைகளுக்கு வைக்குமுன் பெரியவர்கள் ஒரு தடவை கேட்டுவிடுவது நலம். கோவில்பட்டி நேயரே, தங்கள் குமாரரிடம் ஒரு குமிழைக் கேட்டு வாங்கித் தங்கள் காதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தலைவலி வரும், எனக்கு வந்தது.

நோட்டு என் பீரோவில் இருந்தது. போன தைப் பொங்கலுக்கு அந்தப் பையன் ஊருக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க ஸார்" என்றான். ஆள் வளர்ந்துவிட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் தாய் காப்பி கொண்டுவந்துவிட்டாள். நோட்டைக் கொடுத்தபோது வாங்கி ஒரு பக்கத்தைப் புரட்டி, "இதெல்லாம் சின்னப் பிள்ளையில எழுதுனது ஸார்" என்று சிரித்தான். பிறகு போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து, அறைத் தோழர்கள் தூங்கும்போது, போர்வைக்குள் தலையை வைத்துக்கொண்டு பதிவு செய்ததாம். பின்னால் தாளமாக ஓடுவது தையல் மிஷின் சத்தம். 'கரிசல்', 'அரிசி', 'வரிசை' மூன்றும் அதில் இருக்கின்றன. நாலாவதாக ஓர் எதுகை சேர்த்திருக்கிறான், அது எனக்குத் தோன்றாதது. இன்னும் வெளியிடவில்லை, வெளியிட்டதும், அவன் சம்மதித்தால், பெயரோடு இந்தப் பகுதியில் அறிவிக்கிறேன்.