பேராதனையில் பார்க்கலாம், பையில் போடக் கூடாது

கேள்வி: "கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கண்டிக்குப் போகிறோம். பக்கத்தில் இருக்கும் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் விவசாயி பார்க்க என்ன இருக்கிறது? கஜா புயலுக்குப் பிறகு நட்ட தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் போட ஆசை. அங்கிருந்து இரண்டு கன்றோ, விதையோ கொண்டுவரலாமா?"
- வாசகர் ஒருவர், பேராவூரணி.

பதில்: பூங்காவுக்குத் தாராளமாகப் போகலாம். கண்டியிலிருந்து 6 கிலோமீட்டர்தான். 1821-ல் தொடங்கிய பூங்கா. மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவே 147 ஏக்கரில் சுமார் 4,000 வகைத் தாவரங்கள் இருக்கின்றன. அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

தென்னை விவசாயி முதலில் தேட வேண்டியது இரட்டைத் தேங்காய் மரம். சீஷெல்ஸ் தீவுக்காரர் அது. உலகத்திலேயே பெரிய விதை. காய் முற்றவே ஆறேழு ஆண்டு ஆகும். தென்னையில் ஒரு வருஷம்கூடப் பொறுக்க முடிவதில்லை! 1901-ல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரமும் அங்கே உண்டு. சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய இந்த மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா.

ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை நிற்கும் இடத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும். காயைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நிழலும் காலடி ஈரமும். பேராதனைக்கு இரண்டு பருவமழையும் உண்டு. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை போனால், பிறகு மாதக்கணக்கில் காய்ச்சல்தான். ஜாதிக்காய்க்கு அந்தக் காய்ச்சல் ஆகாது. கோடையிலும் தண்ணீர் கொடுக்க முடிகிற, வடிகால் உள்ள தோப்பு வேண்டும்.

தென்னையின் வயதும் பார்க்க வேண்டும். கஜா அடித்தது 2018 நவம்பர் 16. அதற்குப் பிறகு வைத்த பிள்ளைகளுக்கு ஜாதிக்காய் போடும் வயது வரவில்லை. தென்னைக்கு 7 வயதுக்குள் நிலக்கடலை, உளுந்து, காய்கறி. 7 முதல் 20 வயதுவரை மட்டைகள் தாழ்ந்து அடர்ந்த நிழல் விழுவதால் பசுந்தாள் உரப்பயிரும் தீவனப்புல்லும். 20-க்கு மேல்தான் ஜாதிக்காய், கோகோ, மிளகு என்பது பரிந்துரை. புயலுக்குத் தப்பிய பழைய மரங்கள் இருந்தால் அவற்றின் நடுவே யோசிக்கலாம்.

விதை, கன்று விஷயத்துக்கு வருவோம். பனையைப் போலவே ஜாதிக்காயிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைபோட்டு வளர்த்தால் பூக்கும்வரை தெரியாது. ஆறேழு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு பாதி மரம் ஆணாக நிற்கும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். அதனால் ஒட்டுக்கன்றுதான் சரி. கண்டிக் கடைகளில் விற்கும் காய்ந்த ஜாதிக்காய் முளைக்கவும் முளைக்காது. விதை உலர்ந்து உள்ளே குலுங்கினாலே உயிர் போய்விட்டது என்று அர்த்தம்.

சட்டமும் இடம் கொடுக்காது. வெளிநாட்டிலிருந்து கன்றோ விதையோ கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். வேரோடு ஒட்டிய மண்ணுக்கும் தடை. இரண்டு கன்றுக்கு இத்தனை கெடுபிடியா என்று தோன்றும். மெக்சிகோ பக்கத்து பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தென்பட்டு பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த பிறகுதான் அடங்கியது. 2016-ல் பொள்ளாச்சியில் கண்ட சுருள் வெள்ளை ஈ, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் ஓலையைக் கறுக்க வைப்பதை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பேராதனைக்கே இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. இலங்கை அப்போது காபி நாடு. 1869-ல் காபி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படர, பூங்காவின் இயக்குநர் த்வைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். துரு நோய் என்று அங்கே கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார்கள், மருந்துதான் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளில் காபித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்து, மலையெல்லாம் தேயிலையானது.

ஒட்டுக்கன்றுக்குக் கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தை விசாரிக்கலாம். 'விஸ்வஸ்ரீ' அவர்கள் வெளியிட்ட ரகம். வாங்கும் முன் ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் வைத்திருப்பவர்களின் தோப்பை ஒரு தடவை, அதுவும் சித்திரை வெயிலில், போய்ப் பார்ப்பது நல்லது. பேராதனையிலிருந்து கிளம்பும்போது செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணை அங்கேயே கழுவிவிட வேண்டும்.