ஆனர்ஸ்: நாலாவது வருஷத்துக்கு யார் ஜாமீன்?

சித்தூர், திருப்பதி பக்கம் டிகிரி படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து வாட்ஸ்அப்பில் அறிவுரை அனுப்பும் மாமாக்கள், சித்தப்பாக்கள், பெரியம்மாக்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவு. "மூணு வருஷ டிகிரிக்கு வெளிநாட்டில் மதிப்பில்லை. நாலு வருஷம் படி, ஆனர்ஸ் வாங்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். நானும் அந்த மாமா ஜாதிதான். சித்தூர்க்காரன், பி.காம். படித்து, இப்போது ஆஸ்திரேலியாவில் ஒரு வங்கியில் குப்பை கொட்டுகிறேன். அடமானச் சொத்தைப் பார்க்காமல் கடனுக்குக் கையெழுத்துப் போட எங்கள் தொழிலில் யாரும் துணிய மாட்டார்கள். பிள்ளைகளின் ஒரு வருஷத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு சுலபமாகக் கையெழுத்துப் போடுகிறோம்?

முதலில் விதி என்ன என்று பார்ப்போம். 2020 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2022 டிசம்பரில் யு.ஜி.சி. இளநிலைப் பட்டங்களுக்கு ஒரு கட்டமைப்பு வெளியிட்டது. மூன்று வருஷம், 120 கிரெடிட் என்றால் சாதா டிகிரி. நான்கு வருஷம், 160 கிரெடிட் என்றால் ஆனர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதத்துக்கு மேல் வாங்கியவர் விரும்பினால், நாலாவது வருஷத்தில் 12 கிரெடிட்டுக்கு ஓர் ஆய்வேடு எழுதி "ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்" வாங்கலாம். ஆய்வேடு எழுதாதவர் அதற்குப் பதில் 12 கிரெடிட்டுக்கு மூன்று பேப்பர் எழுதினால் போதும், அவருக்கும் ஆனர்ஸ்தான். ஆந்திர அரசு இதை வேகமாகப் பிடித்துக்கொண்டது. 2023-24 கல்வியாண்டில், ஒரே முதன்மைப் பாடம் என்ற முறையோடு ஆனர்ஸ் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளுக்கு மூன்றாம் ஆண்டு முடிவது 2026-ல். "போகவா, இருக்கவா?" என்ற கேள்வி வீட்டு வாசலுக்கு வரும் நேரம் அதுதான்.

விதியை இன்னொரு தடவை படியுங்கள். எல்லாம் எண்ணிக்கை. எத்தனை வருஷம், எத்தனை கிரெடிட், எத்தனை சதவீதம். யார் சொல்லிக் கொடுப்பார், யார் திருத்துவார் என்று தேடினால், ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸுக்கு மட்டும் ஒரு நிபந்தனை கிடைக்கிறது. அந்தத் துறையில் பிஎச்.டி. வழிகாட்டியாக அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர் இரண்டு பேராவது இருக்க வேண்டும், நூலகம், ஆய்வகம் வேண்டும் என்கிறார்கள். நல்ல நிபந்தனை. ஆனால் அதே கட்டமைப்பில், ஆய்வேடு இல்லாத ஆனர்ஸுக்கு இப்படி ஒரு கதவு இல்லை. சிறிய ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலான பிள்ளைகள் வாங்கப்போவது எந்த ஆனர்ஸ் என்று நினைக்கிறீர்கள்?

ஆனர்ஸ் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. அந்தக் காலத்து மதராஸ் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் என்றால் தனி மரியாதை. எல்லாக் கல்லூரிக்கும் அதை நடத்த அனுமதி கிடைக்காது. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் 1934-ல் முடித்தது பி.ஏ. ஆனர்ஸ். அந்தப் பட்டத்துக்கு மதிப்பு வந்தது கூட ஒரு வருஷம் உட்கார்ந்ததால் இல்லை. ஒரே பாடத்தில் ஆழமாக இறங்க வேண்டும், சொல்லித்தர ஆள் இருக்கும் கல்லூரியில்தான் நடக்க வேண்டும், பரீட்சை கடுமையாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அதனால் வந்த மதிப்பு.

இன்னொரு பெரியவரையும் கூப்பிடுகிறேன். சிறுவயதில் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர், டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் தலைமையில் 1948-ல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-ல் அறிக்கை கொடுத்தது. ஆனர்ஸ் படித்தவருக்கு அதன்மேல் ஒரு வருஷத்தில் முதுகலை, சாதா டிகிரி படித்தவருக்கு இரண்டு வருஷத்தில் முதுகலை என்று அதிலேயே பரிந்துரை இருக்கிறது. ஆக, "நாலு முடித்தால் எம்.ஏ. ஒரே வருஷம்" என்று இன்று புதுமை மாதிரி விற்பதன் ஆதி வடிவம் எழுபது வருஷத்துக்கும் மேல் பழையது. அந்தக் குழு சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. ஆனர்ஸ் மாணவர் ஏற்கெனவே ஆழமாகப் படித்துவிட்டார், அதனால் ஒரு வருஷம் மிச்சம். ஆழம் முதலில், சலுகை பிறகு. இன்று வருஷத்தைக் கூட்டிவிட்டு, ஆழம் தானாக வந்துவிடும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

இங்கே ஆஸ்திரேலியாவில் எப்படி என்று கேட்பீர்கள். பி.ஏ., பி.காம். மாதிரிப் படிப்புகள் பெரும்பாலும் மூன்று வருஷம்தான். அதற்குமேல் ஆனர்ஸ் என்பது தனி வருஷம். நாட்டின் தகுதி வரிசையிலேயே டிகிரி 7-ஆம் படி, ஆனர்ஸ் 8-ஆம் படி. நல்ல மதிப்பெண் இருந்தால்தான் சேர்ப்பார்கள். ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வேடு எழுத வேண்டும், அதை வேறு ஆசிரியர்கள் திருத்துவார்கள். முதல் வகுப்பு வாங்கினால் நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பையன் ஆனர்ஸ் என்று சொன்னால் இங்குள்ளவர்கள் அடுத்துக் கேட்பது "எத்தனை வருஷம்?" இல்லை, "எதைப் பற்றி எழுதினாய்? யாரிடம்?" என்பதுதான். சித்தூர்ப் பிள்ளைக்கு இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருக்குமா?

இப்போது கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படித்தவனுக்கு வேறென்ன தெரியும்? :-)

பழைய வழி: மூன்று வருஷம் பி.காம்., இரண்டு வருஷம் எம்.காம். கூட்டினால் 5. புது வழி: நாலு வருஷம் ஆனர்ஸ், ஒரு வருஷம் எம்.காம். அதுவும் 5. முதுகலை வரை போகிறவருக்கு ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. மாறியது ஒன்றுதான், நாலாவது வருஷம் நடக்கும் இடம். முன்பு நம் பக்கத்துப் பிள்ளை பி.காம். முடித்து எம்.காம். முதல் வருஷத்துக்குத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்கோ, முதுகலை நடத்தும் வேறொரு கல்லூரிக்கோ போனால், அங்கே முதுகலைப் பாடம் நடத்துவதற்கென்றே ஒரு துறை இருக்கும். அதே தரத்துப் பாடத்தை இப்போது டிகிரிக் கல்லூரி நடத்த வேண்டும். பாடம் இடம் மாறிவிட்டது. பாடம் நடத்த வேண்டியவர்கள் கூட வந்தார்களா?

2023-ல், ஆனர்ஸ் மாற்றம் வந்த அதே வருஷம், ஆந்திர அரசு மாநிலப் பல்கலைக்கழகங்களில் 3,220 ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப அறிவிப்பு கொடுத்தது. பேராசிரியர் 418, இணைப் பேராசிரியர் 801, உதவிப் பேராசிரியர் 2,001. இத்தனை நாற்காலி காலியாக இருந்தது என்பதற்கு அரசின் அந்த அறிவிப்பே சாட்சி. பல்கலைக்கழகத்துக்கே இந்தக் கதி என்றால், தாலுகா ஊரில் வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் ஆள் வைத்து ஓட்டும் கல்லூரியின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். முதலில் நாற்காலியை நிரப்பிவிட்டு அப்புறம் வருஷத்தைக் கூட்டியிருக்கலாம். வருஷத்தைக் கூட்ட ஓர் உத்தரவு போதும், நாற்காலியை நிரப்பச் சம்பளம் வேண்டுமே.

2021-ல் கிரெடிட்டுகளைச் சேமிக்க ஒரு "வங்கி"யும் தொடங்கினார்கள். அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று பெயர். மாணவர் வாங்கிய கிரெடிட் அந்தக் கணக்கில் வரவாகும், வேறு கல்லூரிக்கு மாறினால் கூடவே போகும். பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் வங்கிக்காரனாக ஒன்று சொல்கிறேன். பேரேட்டில் வரவு எழுதுவது ஒன்று, பெட்டியில் பணம் இருப்பது இன்னொன்று. உயிருள்ள துறையில் வாங்கிய 40 கிரெடிட்டும், ஆளில்லாத துறையில் வாங்கிய 40 கிரெடிட்டும் அந்தக் கணக்கில் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாடு தெரியப்போவது நேர்முகத் தேர்வில். அங்கே கல்லூரி வராது, பிள்ளை மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்.

"மதிப்பு" வாதத்துக்கும் வருகிறேன். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கு நான்கு வருஷ டிகிரி கேட்பது உண்மை. அங்கே போகத் தீர்மானித்த பிள்ளைக்கு நாலாவது வருஷம் உதவும். பிரிட்டனிலும் இங்கேயும் மூன்று வருஷ டிகிரியை வைத்தே பல முதுகலைப் படிப்புகளில் சேரலாம். ஊரிலேயே வேலைக்குப் போகிறவருக்கு? வங்கி அதிகாரித் தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். நாலாவது வருஷம் அங்கே ஒரு மதிப்பெண்கூடக் கூட்டித் தராது. ஆகவே யாருக்கு என்ன வேண்டும் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்காதீர்கள்.

எதிர்த் தரப்பில் பலமான வாதம் ஒன்று உண்டு. அதை என் அக்கா மகளே சொன்னாள். சித்தூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். "மாமா, எம்.காம்.னு திருப்பதி ஹாஸ்டலுக்கு அப்பா அனுப்ப மாட்டாரு. நாலாவது வருஷம் இங்கேயே இருக்குன்னா படிக்க விடுவாரு. எனக்கு அந்த ஒரு வருஷம் வேணும்" என்றாள். இதற்கு "அட போம்மா" என்று பதில் சொல்ல முடியாது. எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருஷம் கல்யாணப் பேச்சுக்கு முன்னால் கிடைக்கும் கடைசி வருஷம்.

அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாகிறது. வசதியுள்ள பிள்ளைக்கு நாலாவது வருஷம் வெத்துவேட்டானால் வேறு வழி இருக்கிறது. இவளுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இதுதான். 2021-22 முதல் ஆந்திராவில் டிகிரி முழுக்க ஆங்கில வழி என்றார்கள். வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசும் பிள்ளை ஆங்கிலத்தில் அறுபது பக்கம் ஆய்வேடு எழுத வேண்டுமென்றால், பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்த ஓர் ஆசிரியர் வேண்டாமா? இவளுக்குப் பெயருக்கு ஒரு வருஷம் கொடுப்பது, இருக்கும் ஒரே செல்லும் நோட்டை வாங்கிக்கொண்டு செல்லாத நோட்டைக் கொடுப்பது மாதிரி.

"முதலில் தொடங்குவோம், ஆசிரியர் பின்னால் வருவார்" என்பவர்களுக்கு டெல்லியை ஞாபகப்படுத்துகிறேன். டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-ல் அவசரமாக நான்கு வருஷப் படிப்பைக் கொண்டுவந்தது. 2014 ஜூனில் அதைக் கைவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு முழு பேட்ச். நாட்டின் தலைநகரில் அப்படி என்றால் சித்தூர் எம்மாத்திரம்?

ஒழுங்காக நடத்தினால் ஆனர்ஸ் அருமையானது, அதிலும் நம் மாவட்டத்தில். ஆய்வுக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதே இல்லை. 2025-ல் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, 8 ரூபாயைக் கூழ் ஆலைகள் தரட்டும், 4 ரூபாயை நாங்கள் தருகிறோம் என்றது அரசு. அந்த 8 ரூபாய் எத்தனை விவசாயிக்கு, எத்தனை நாளில் கைக்கு வந்தது? ஒரு பி.காம். மாணவி பத்துக் கிராமம் சுற்றி, ஆலைச் சீட்டுகளைப் பார்த்து எழுதினால் அதுதான் ஆனர்ஸ் ஆய்வேடு. சித்தூர் வெல்ல மண்டியின் கணக்கு முறை, கல்யாண சீசனில் திருப்பதி பூ வியாபாரத்தின் கடன் சுழற்சி, எல்லாமே பாடம்தான். வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவே.

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஆனர்ஸ் நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும், ஒவ்வொரு துறையும், சேர்க்கைக்கு முன்பே ஒரு பலகை மாட்டட்டும். நிரந்தர ஆசிரியர்கள் யார், அவர்களில் பிஎச்.டி. வழிகாட்டிகள் யார், விடைத்தாளையும் ஆய்வேட்டையும் திருத்த வெளியிலிருந்து வருவது யார், போன வருஷம் நூலகத்துக்கு என்ன வாங்கினார்கள். ஆராய்ச்சிக்கு வைத்த நிபந்தனையை எல்லா ஆனர்ஸுக்கும் வையுங்கள். ஆள் இல்லாத துறைக்கு அனுமதி வேண்டாம். மூன்று வருஷத்தோடு மரியாதையாக அனுப்பிவையுங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இங்கிருந்து பணம் அனுப்பும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாலாவது வருஷத்துக்கு ஃபீஸ் கட்டுவதற்கு முன் பிள்ளையிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "உனக்கு யார் வழிகாட்டி? அவர் அடுத்த வருஷமும் அங்கே இருப்பாரா?" பதில் ஒரு பெயராக வந்தால், கடன் வாங்கியாவது அனுப்புங்கள். "இன்னும் சொல்லலை மாமா" என்று வந்தால், அந்தப் பணத்தைத் திருப்பதியில் எம்.காம். சேரவும் ஹாஸ்டலுக்கும் கொடுங்கள். அப்பாவிடம் பேச வேண்டியிருந்தால் போனை எடுத்து நீங்களே பேசுங்கள். என் அத்திம்பேரிடம் நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். மனுஷன் இன்னும் பிடிகொடுக்கவில்லை. விடுவதாக இல்லை.