லேபிளுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் பஸ் பூவத்தைத் தாண்டியதும் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். பக்கத்திலேயே மண்டபத்தூர், காளிக்குப்பம் என்று மீனவ ஊர்கள். அங்கே ஒரு மகளிர் குழு கருவாட்டைப் பாக்கெட் போட்டு வெளியூருக்கு அனுப்ப நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் போகும் இடம் காரைக்காலில் ஓர் அச்சகம். கம்ப்யூட்டர் முன் இருக்கும் டிசைனர், "என்ன பேரு, என்ன கலர் வேணும்?" என்று கேட்பார். அரை மணி நேரத்தில் நீல அலை, படகு, துள்ளும் மீன் எல்லாம் திரையில் வந்துவிடும். கடையில் ஏற்கெனவே தொங்கும் பாக்கெட்டுகளிலும் அதே அலை, அதே படகு.

யார் வாங்குவார்கள், ஏன் வாங்குவார்கள் என்று கேட்க அந்த டிசைனருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் வடக்கே கடலூரில் ஒரு குடும்பம் இந்தியக் குளியலறையையே மாற்றியது. பாட்டிலாக வாங்க முடியாத கூலித் தொழிலாளியும் வாங்கட்டும் என்று சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைக் கொண்டுவந்தார். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பையன்களின் தலையை அலசிக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களிடம் அந்தத் தலைமுடியைத் தொட்டு, முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம். சிறிது காலம் கழித்து, சிக் பாக்கெட் ஐந்து கொடுத்தால் மட்டுமே இலவசம். மல்லிகை வாசனையும் ரோஜா வாசனையும் சேர்ந்தன. தலையில் பூ வைக்கும் பெண்களுக்கு இதைவிட நெருக்கமான விளம்பரம் எது? பாக்கெட்டின் அளவு, விலை, மணம் எல்லாமே வடிவமைப்புதான். எழுத்துருவும் நிறமும் அதற்குப் பிறகு வந்தவை.

இன்னும் பழைய சாட்சி உண்டு. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் ஆண்ட புதுச்சேரி வட்டாரத்தில் அவுரிச் சாயம் தோய்த்த 'கினே' என்னும் நீலத் துணி, 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குக் கப்பலேறியது. அங்கே பிசினுக்கு விலையாக, பணம்போலவே அது கைமாறியது. ஐரோப்பிய ஆலைகள் போலிகளைச் செய்து அனுப்பிப் பார்த்தன. அங்குள்ளவர்கள் பளபளப்பையும் வாசனையையும் வைத்தே அசலைக் கண்டுபிடித்தார்கள். 1843இல் பிரெஞ்சு அரசு தரச் சோதனையும் முத்திரையும் கட்டாயமாக்கியது. நம் சாயக்காரர் கை நேர்த்திக்குக் கிடைத்த மரியாதை, முத்திரைக்கு முன்பே அந்த மணத்தில் இருந்தது.

இதெல்லாம் முதலாளி யோசிக்கவேண்டியது, டிசைனர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய கம்பெனியில் அது செல்லும். தனித் துறையும் ஆலோசகரும் இருப்பார்கள். காரைக்காலின் சிறு வியாபாரிக்கு யார் இருக்கிறார்கள்? தன் சரக்கைப் பற்றி அவர் உட்கார்ந்து பேசும் ஒரே ஆள் அச்சகத்து டிசைனர்தான். அவர் கேட்காவிட்டால் அந்தக் கேள்வி எப்போதுமே கேட்கப்படாது. அதோடு, லோகோ வரைந்து தரும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே வந்துவிட்டன. வரையும் திறமையை மட்டும் வைத்துக் கூலி கேட்பது இனி கஷ்டம். டிசைன் வகுப்புகளில் மென்பொருளுக்குத் தரும் நேரத்தில் கால்வாசியாவது சந்தைக்குப் போய் வாங்குபவர்களிடம் பேசுவதற்குத் தரவேண்டும்.

கருவாட்டுக்கே வருவோம். சென்னை அடுக்குமாடியில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்கு வாடை போகுமோ என்று பயப்படுவார். அவருக்கு வேண்டியது காற்றுப் புகாத உறை. பிரான்சில் குடியேறிய காரைக்கால் குடும்பம் உறையில் தேடுவது நெத்திலி, வாளை என்று ஊரில் வழங்கும் மீன் பெயரை. வீட்டில் சமைப்பவருக்கோ மணல் இருக்குமோ என்பதுதான் கவலை. காளிக்குப்பத்துக் குழு மணலில் பரப்பாமல் மேடை போட்டுக் காயவைக்கிறது என்றால், உறையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வரவேண்டியது அந்தச் சேதி. படகுப் படம் பின்பக்கம் போகட்டும்.