விமான நிலையத்தில் ஏழைக்கு இடம்

ஆகாய விமானம் ஒரு காலத்தில் சீமான்களின் வாகனம். இன்று அப்படி அல்ல. புதுச்சேரி மூலக்குளத்தில் இருந்துகூட, பிழைப்புத் தேடி வளைகுடா நாட்டுக்குப் போகிறவர் உண்டு. பாரீசில் வாழும் மகளைப் பார்க்கப் போகும் தாயாரும் உண்டு.

லாஸ்பேட்டையில் இருப்பது சிறிய விமான நிலையம். வெளிநாடு போக, சுமார் 150 கிலோமீட்டர் கடந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வர வேண்டும். விமானம் புறப்பட 3 மணி நேரம் முன்பே அங்கு இருக்க வேண்டும்.

மீனம்பாக்கத்தில் 2023 ஏப்ரல் 8-ந் தேதி புதிய முனையம் திறக்கப்பட்டது. கோலம், சேலை, கோவில் ஆகியவற்றின் சாயலில் அழகாக அமைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு விருந்துதான். வயிற்றுக்கு? விமான நிலையக் கடைகளில் விலையைக் கேட்டால் பசி பறந்துவிடும்!

இதற்கும் ஒரு வழி பிறந்தது. 2025 பிப்ரவரி 27-ந் தேதி, உள்நாட்டு முனையத்தில் "உடான் யாத்ரி கபே" என்ற மலிவு விலைக் கடை திறக்கப்பட்டது. டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய், வடை 20 ரூபாய் என்று விலை வைத்தார்கள். நல்ல காரியம். இத்தகைய கடை ஒவ்வொரு முனையத்திலும் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிக்கெட் இல்லாதவர் வாசலோடு நின்றுவிட வேண்டும். பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால், வழியனுப்ப வந்து விடிய விடியக் காத்திருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் கூரையும் நாற்காலியும் தாராளமாக வேண்டாமா? சிங்கப்பூரைப் பாருங்கள். விமான நிலையத்தை ஒட்டி 2019-ல் திறந்த "ஜுவல்" மாளிகையில், 40 மீட்டர் உயர நீர்வீழ்ச்சியை டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். வழியனுப்ப வந்தவருக்கும் அங்கே இடம் உண்டு.

பளிங்குத் தரை பெருமை தரலாம். ஏழைத் தாய் கால் நீட்டி உட்கார இடம் தருவதே விமான நிலையத்துக்கு அழகு!